கஸ்தோன் சார் கட்டிய படகு

"படகைக் காட்டுங்க மாப்ள, படகை!" என்று பாரீஸிலிருந்து கத்தினார் அலெக்சாந்த்ர்.

கஸ்தோன் செல்போனைக் கொல்லைப்பக்கம் திருப்பினார். ஒரு கொய்யா மரமும், துணி காயும் கொடியும், அதில் அவருடைய இரண்டு பனியன்களும் தெரிந்தன. படகு தெரியவில்லை. இல்லாத படகு எப்படித் தெரியும்?

"சிக்னல் சரியில்ல மச்சான். அப்புறம் கூப்பிடறேன்," என்று சொல்லிவிட்டு, சிக்னல் நன்றாக இருக்கும்போதே அணைத்தார்.

வினை ஈஸ்டர் அன்று தொடங்கியது. மனைவி ழானெத்தின் அண்ணன் அலெக்சாந்த்ர், குடும்பம் மொத்தமும் இருந்த வீடியோ காலில், தன் சமையலறையில் தானே செய்த அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக் காட்டினார்.

"இங்க எல்லாம் பிரிகோலாழ் மாப்ள. நம்ம வேலைய நாமே செஞ்சுக்கணும். அங்க மாதிரி ஆணி அடிக்க ஒரு ஆளு, அந்த ஆளுக்கு டீ வாங்க இன்னொரு ஆளு, அதெல்லாம் கெடையாது. நீங்க ஒரு தடவ ஒரு பலகை மாட்டினீங்களே, அது இன்னும் இருக்கா?"

இல்லை. ஒரு மாதத்தில் அது கல்யாணப் போட்டோவோடு கீழே விழுந்தது குடும்பத்துக்கே தெரியும். எல்லாரும் சிரித்தார்கள். ழானெத் சிரிக்கவில்லை. அவள் முகம் தொங்கிப்போனதைப் பார்த்ததும் கஸ்தோனுக்குள் ஏதோ பொங்கிவிட்டது.

"நானும் சும்மா இல்ல மச்சான். வீட்டுலயே ஒரு படகு கட்டிக்கிட்டிருக்கேன். மரப் படகு."

ஜன்னல் வழியே அப்போது அரசலாறு தெரிந்ததுதான் காரணம். லாரி தெரிந்திருந்தால் லாரி என்று சொல்லியிருப்பார்.

இருபத்தாறு வருடமாக அரசுப் பள்ளியில் பிரெஞ்சு வாத்தியார். சாக்பீஸைவிடக் கனமான எந்தக் கருவியையும் தூக்கியவர் இல்லை. ஆனால் ழானெத்தின் முகத்தில் சட்டென்று ஒரு பெருமை வந்தது. அண்ணன் முன்னால் அவள் அப்படித் தலை நிமிர்ந்து அவர் பார்த்ததே இல்லை. பொய் என்று சொல்ல அதற்குப் பிறகு வாய் வரவில்லை.

"எங்கங்க கட்றீங்க? நான் பாக்கவே இல்லையே?" என்று அவள் ரகசியமாகக் கேட்டாள்.

"இப்பத்தான் மனசுல கட்டி முடிச்சிருக்கேன். இனிமே மரத்துல."

உண்மையாகவே முயன்றார். அதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். மரவாடியில் பலகை வாங்கினார். ரம்பம், உளி, இழைப்புளி எல்லாம் வாங்கினார். பள்ளிவிட்டு வந்து தினமும் இரண்டு மணி நேரம் அறுத்தார், இழைத்தார், தட்டினார். மூன்று பலகைகள் பிளந்தன. கட்டைவிரல் நீலமாயிற்று. பத்தாம் நாள் ழானெத் காபியோடு வந்து அந்தப் பொருளைச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்லா வருதுங்க. இது முன்பக்கமா, பின்பக்கமா?"

அவருக்கும் அதுதான் சந்தேகம்.

அலெக்சாந்த்ர் விடுவதாயில்லை. குடும்ப வாட்ஸப் குழுவில் தினமும் ஒரு படகுப் படம் போட்டுவிட்டு, கீழே ஒரு கேள்விக்குறி வைத்தார். கஸ்தோன் யோசித்தார். கை வராவிட்டால் என்ன, வாய் இருக்கிறதே! கொல்லைச் சுவரில் ஒரு கரும்பலகையைச் சாய்த்து வைத்து, நாளைக்கு என்ன வேலை செய்யப்போகிறேன் என்று பாடம் எடுத்து வீடியோ போட்டார். வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் விளங்குகிற அதே குரல், அதே நிதானம்.

"படகுக்கும் நம்மள மாதிரி வெலா எலும்பு உண்டு. அடிக்கட்டைதான் முதுகெலும்பு. நாளைக்கு அதுல வெலா எலும்பு வைக்கப்போறேன். எத்தன வைக்கணும்? ஏழு."

ஏன் ஏழு என்று அவருக்கே தெரியாது. பேசிக்கொண்டே வந்தபோது, ஞானஸ்நானம், கல்யாணம் என்று கோயிலில் தரும் திருவருட்சாதனங்கள் ஏழு என்பது நினைவுக்கு வந்தது, சொல்லிவிட்டார்.

வீடியோ பிரமாதம் என்று குடும்பமே எழுதியது. அலெக்சாந்த்ரின் மகள் சோஃபி அதை யூடியூபிலும் ஏற்றிவிட்டாள். அலெக்சாந்த்ர் மட்டும் ஒரு வரி எழுதினார்: "பாடம் சரி. படகு எங்கே? ஜூன் முதல் வாரம் வருகிறேன். அதில் ஏறித்தான் ஆற்றைப் பார்ப்பேன்."

கஸ்தோன் காலண்டரை எடுத்து நாள் எண்ணினார். மறுநாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மீனவர் குப்பமான கோட்டுச்சேரிமேட்டுக்குப் போனார். மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் கரையில் ஏறிக் கிடந்தன. ஒரு படகுக்கு நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர் பெயர் தெட்சிணாமூர்த்தி. முப்பத்தைந்து வயதிருக்கும்.

"படகு வேல தெரியுங்களா தம்பி?"

"பொறந்ததுலேர்ந்து படகுலதான் சார் கெடக்கேன்."

"ஒரு சின்னப் படகு கட்டணும். நாலு பேரு ஒக்கார மாதிரி."

"ஃபைபர்லயா சார்?"

"மரத்துல."

தெட்சிணாமூர்த்தி பிரஷ்ஷைப் பெயிண்ட் டப்பாவில் வைத்துவிட்டுக் கடலை ஒரு நிமிடம் பார்த்தார். மனக்கணக்குப் போடுகிறார், தொழில் தெரிந்தவர் இப்படித்தான் என்று கஸ்தோன் நினைத்துக்கொண்டார்.

"செஞ்சிரலாம் சார். ஆமா, வீடியோல வர்ற வாத்தியாருதானே நீங்க?"

கஸ்தோனுக்குக் காது சுட்டது. "ஆமா. அதனாலதான்... இது வெளியில தெரியக்கூடாது."

"நான் எதுக்கு சார் சொல்லப்போறேன்?"

ஏற்பாடு சுலபமாக அமைந்தது. பள்ளிக்கு விடுமுறை விட்டாயிற்று. ழானெத் கூட்டுறவு வங்கிக்கு ஒன்பதரைக்குக் கிளம்புவாள். தெட்சிணாமூர்த்தி பத்து மணிக்குக் கொல்லை வாசல் வழியாக வருவார், ஐந்து மணிக்குப் போவார். அதற்குப் பிறகு கஸ்தோன் மரத்தூளை அள்ளிச் சட்டையில் பூசிக்கொண்டு, தலையிலும் கொஞ்சம் தூவிக்கொண்டு, வியர்வைக்குப் பதில் குழாய்த் தண்ணீரை நெற்றியில் தெளித்துக்கொண்டு வீடியோ எடுப்பார். "இன்னிக்கு வேல இது" என்று காட்டுவார். பிறகு கரும்பலகைக்குப் போய் நாளைய பாடம்; சோஃபி அன்றிரவே அதை யூடியூபில் ஏற்றிவிடுவாள். இதை எழுதும்போதே நமக்குக் கூசுகிறது. அவருக்கு எப்படிக் கூசியிருக்கும்!

முதல் நாள் பக்கத்தில் நின்று பார்க்கப் போனவரைத் தெட்சிணாமூர்த்தி தடுத்துவிட்டார். "நீங்க நின்னா எனக்குக் கை ஓடாது சார். உள்ள போய் ஒக்காருங்க."

பெரிய வேலைக்காரர்களுக்கு இப்படி ஒரு குணம் இருக்கும் என்று கஸ்தோன் உள்ளே போய், யாராவது வந்துவிடாமல் வாசலைக் காவல் காத்தார். சாயங்காலம் வந்து பார்த்தால், தான் செய்திருந்ததெல்லாம் விறகுக் குவியலில் கிடக்க, புதிய அடிக்கட்டைமேல் விலா எலும்புகள் நின்றன. எண்ணினார். ஏழு! அனுபவசாலியும் ஏழுதான் வைக்கிறார். வாய்க்கு வந்ததைச் சொல்லியும் பொய்யாகிவிடாமல் காப்பாற்றிய ஆண்டவருக்கு நன்றி சொன்னார்.

ஆனால் படகு வளர வளர அவமானமும் வளர்ந்தது. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பங்குச் சாமியார் பிரசங்கத்தின் நடுவில் சூசையப்பரின் தச்சுப் பட்டறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து, "நம் பங்கிலும் ஒரு சூசையப்பர் இருக்கிறார்" என்று மூன்றாவது பெஞ்சைக் காட்டினார். கோயிலே திரும்பிப் பார்த்தது. ழானெத் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கஸ்தோன் முழங்கால் போடும் நேரம் வருவதற்கு முன்பே முழங்கால் போட்டார். அவர் பக்தியைப் பார்த்து இரண்டு பேர் கண் கலங்கினார்கள்.

தலைமையாசிரியர் கூப்பிட்டு, பள்ளி திறந்ததும் 'நம் கையே நமக்கு உதவி' என்று மாணவர்களுக்குப் பேச வேண்டும் என்றார். சரி என்றார். வேறு என்ன சொல்வது?

அன்று ராத்திரி சாப்பிடும்போது ழானெத் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்ளோ வேல செய்யறீங்க, கையில ஒரு காய்ப்புகூட இல்லையேங்க?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. மறுநாள் தெட்சிணாமூர்த்தி சாப்பிடப் போன நேரம் பார்த்து, உப்புத்தாளை எடுத்து இரண்டு உள்ளங்கையையும் நன்றாகத் தேய்த்துக்கொண்டார். சாயங்காலம் ழானெத் அந்தக் கையைப் பார்த்துவிட்டு அழுதேவிட்டாள். தேங்காய் எண்ணெயைச் சூடுபண்ணிக் கொண்டுவந்து ஒவ்வொரு விரலாகத் தடவினாள்.

"போதுங்க. எங்கண்ணன் சொன்னதுக்காக ஒடம்ப இப்படிக் கெடுத்துக்கணுமா?"

அந்த எண்ணெய் எரிந்தது. அதைவிட வெட்கம் எரிந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். "கொஞ்சம் மெதுவா தடவு," என்றுதான் வந்தது.

ஜூன் முதல் வாரம் அலெக்சாந்த்ர் வந்து இறங்கினார். கொல்லையில் நின்ற படகைப் பார்த்தார். பச்சைப் பெயிண்ட், வெள்ளைக் கோடு, முன்னால் 'ழானெத்' என்ற பெயர். அந்தப் பெயரை மட்டும் கஸ்தோன் தன் கையால் எழுதியிருந்தார். படகில் அவருடைய உழைப்பு என்றால் அந்த மூன்றெழுத்துதான். அலெக்சாந்த்ர் படகைத் தட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததைப் பார்த்து ழானெத்துக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாள் காலை படகை மினி வேனில் ஏற்றி அரசலாற்று முகத்துவாரத்துக்குக் கொண்டுபோனார்கள். துடுப்புப் போட ஆள் வேண்டுமே! தெட்சிணாமூர்த்தியைத்தான் வரச் சொல்லியிருந்தார்.

"இவரு துடுப்புப் போட வந்திருக்காரு," என்று அறிமுகம் செய்தபோது கஸ்தோன் அவர் முகத்தைப் பார்க்காமல் அவருடைய முழங்காலைப் பார்த்துச் சொன்னார். தெட்சிணாமூர்த்தி எல்லாருக்கும் வணக்கம் வைத்தார்.

சாமியார் தீர்த்தம் தெளித்தார். ழானெத் முன்பக்கத்தில் மல்லிகைச் சரம் சுற்றினாள். அவளும் கஸ்தோனும் அலெக்சாந்த்ரும் தெட்சிணாமூர்த்தியுமாக நான்கு பேரும் ஏறினார்கள். கஸ்தோனுக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் பயமில்லை. கட்டியது யார் என்று அவருக்குத் தெரியும்.

படகு மிதந்தது. சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. கரையில் கூட்டம் கைதட்டியது. தெட்சிணாமூர்த்தி நிதானமாகத் துடுப்புப் போட, படகு நடு ஆற்றுக்கு வந்தது. இருபக்கமும் கரை தூரமாகிவிட்டது.

"மாப்ள, ஒத்துக்கறேன்," என்றார் அலெக்சாந்த்ர். "என் அலமாரியெல்லாம் கடையில பெட்டியில வரும். நாலு திருகாணி முடுக்கணும், அவ்வளவுதான். இது வேற. இது நெசமான கை வேல."

"கையப் பாருண்ணே!" என்று ழானெத் கஸ்தோனின் வலது கையை இழுத்து விரித்தாள். "தோலே உரிஞ்சு போச்சு. ஒரு நாளு வாயத் தொறந்து வலிக்குதுன்னு சொன்னதில்ல. இவருக்கு எதையும் பெருசா காட்டிக்கத் தெரியாது. பொய்யி, வேஷம், ஒண்ணும் தெரியாது." சொல்லிவிட்டு அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கஸ்தோனால் தாங்க முடியவில்லை.

"விடு ழானெத். அந்தக் கைய விடு."

"என்னங்க?"

"இந்தக் கை ஒண்ணும் செய்யல. உப்புத்தாள்ல நானே தேச்சுக்கிட்டேன். இந்தப் படகுல நான் ஒரு ஆணி அடிக்கல. எல்லாம் இவரு. தெட்சிணாமூர்த்தி. தெனமும் நீ பேங்க்குக்குப் போனதும் வருவாரு. நான் வாசல்ல ஒக்காந்திருப்பேன். மரத்தூளப் பூசிக்கிட்டு உங்களயெல்லாம் ஏமாத்தினேன். சாமியார ஏமாத்தினேன். இவரயும் துடுப்புப் போட வந்த ஆளுன்னு சொல்லிட்டேன். தப்பு. எனக்கு வெக்கமா இருக்கு."

சொல்லி முடித்துக் கையை உருவிக்கொண்டார். அலெக்சாந்த்ர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். ழானெத் கணவனையே உற்றுப் பார்த்தாள். திட்டப்போகிறாள், அழப்போகிறாள் என்று கஸ்தோன் தலை குனிந்தார்.

"அப்ப இத நீங்க கட்டலயா?"

"இல்ல."

"ஆணி, பலகை, எதுவும்?"

"எதுவுமே."

"ஏசுவே!" என்று ழானெத் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, இத்தனை நேரம் இடது கையால் பிடித்திருந்த படகு விளிம்பை விட்டாள். "மூணு நாளா நான் தூங்கலங்க. நீங்க கட்டினதாச்சே! ஏற மாட்டேன்னு சொன்னா மனசு ஒடஞ்சு போயிருவீங்களேன்னு, வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துக்கிட்டு ஏறியிருக்கேன். தொழில் தெரிஞ்சவரு கட்டினதுன்னு ஒரு வார்த்த மொதல்லயே சொல்லக்கூடாதா? இப்பத்தான் எனக்கு மூச்சே வருது."

அலெக்சாந்த்ர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கஸ்தோனுக்கும் சிரிப்பு வந்தது. ஒன்றரை மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. காலை நீட்டி, முதுகைச் சாய்த்து, தெட்சிணாமூர்த்தியை முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"மன்னிச்சிருங்க தம்பி. பேரு ஒங்களுக்குத்தான் வந்திருக்கணும்."

தெட்சிணாமூர்த்தி துடுப்பை நிறுத்திவிட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? எங்க ஊருல எல்லாம் ஃபைபர்தான், மரப் படகு நான் கட்டினதே இல்ல. தெனமும் வீடியோல நாளைக்கு இதச் செய்யணும்னு நீங்க சொல்லுவீங்க, அதக் கேட்டுட்டு வந்து அப்படியே செஞ்சேன். வாத்தியாருக்குத் தெரியும்னு நம்பித்தானே சார் நானும் ஏறியிருக்கேன்!"