லண்டன் துப்பாக்கிக்கு நான் போட்ட பாலிஷ்

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மாமனாருக்க பழைய கைத்துப்பாக்கிய துணியால தொடச்சு மேசையில வைக்கணும். அவ்வளவுதான்.

துப்பாக்கின்னதும் பயப்படாதிய மக்கா. சிக்கிமுக்கிக் கல்லு உரசி வெடிக்கிற வெள்ளைக்காரன் காலத்துச் சாமானாக்கும். இப்ப அதுல ஈ கூட சாகாது.

"லண்டன்ல செஞ்சது"ன்னு மாமா தக்கலை முழுக்கச் சொல்லி வச்சிருக்காரு. எதிர்வீட்டு டெய்லர் அண்ணாச்சி மட்டும், "இது நம்ம ஊரு பட்டறையில அடிச்சதாக்கும் வோய்"னு நக்கலடிப்பாரு. இதத் தீர்க்கத்தான் பழைய ஆயுதம் பாத்துச் சொல்லுத ஒரு சார் திருவனந்தபுரத்துல இருந்து நாலு மணிக்கு வாறதா இருந்தாரு. மாமாவுக்க மானமே அதுலதான் இருந்துது.

தொடச்சேன். துரு போகல்ல.

விருந்தாளி வரும்போது இப்பிடியா வைக்கது? குத்துவிளக்க எப்பிடி விளக்குவோம்? புளியும் சாம்பலும் எடுத்தேன்.

"ஏங்க, அப்பா தொடைக்கத்தானே சொன்னாரு?"ன்னா பொண்டாட்டி.

"ஏட்டி, ஒனக்கு இதெல்லாம் தெரியாது. போய் சாயா போடு."

பாதி பளபளத்துச்சு. கைப்பிடிக்கு மேல உள்ள இரும்புத் தகட்டுல மட்டும் கருப்பா என்னமோ கீறல் கீறலா கெடந்துது. புளி தோத்துப்போச்சு. எனக்கு வெறி ஏறிட்டு! பைக்க எடுத்து நேரா எனக்க கூட்டுக்காரன் ஒருத்தனுக்க வெல்டிங் பட்டறைக்கு விட்டேன்.

"பாலிஷ் மிசின்ல ஒரு ஓட்டு ஓட்டுடே."

"என்னமோ எழுத்து மாதிரி இருக்கேடே?"

"எழுத்தா? அழுக்குடே! நீ ஓட்டு."

அஞ்சே நிமிசம். அடடா! மொகம் பாத்துச் சவரம் பண்ணலாம்.

நாலு மணிக்கு சார் வந்தாரு. மாமா டெய்லர் அண்ணாச்சியையும் கூப்பிட்டு முன்வரிசையில உக்கார வச்சிருந்தாரு. சார் லென்ஸ வச்சு ஒரு பக்கம் பாத்தாரு. திருப்பிப் பாத்தாரு. அப்புறம் என்னையப் பாத்தாரு.

"செஞ்சவர் பேர இந்தத் தகட்டுலதானே கொத்தியிருப்பாங்க? எங்க அது?"

"சார்... அதுல கருப்பா ஒரு அழுக்கு இருந்துது. போக்கிட்டேன்."

டெய்லர் அண்ணாச்சி சிரிச்ச சிரிப்பு குமாரகோவில் வரைக்கும் கேட்டிருக்கும். மாமா மொகத்த நிமிந்து பாக்க எனக்குத் தைரியம் இல்ல. மனுசன் எத்தன நாளா காத்துக் கெடந்தாரு! உள்ளபடியே சங்கடமாப் போச்சு.

சார் பெருமூச்சு விட்டு நோட்ட விரிச்சாரு. "செஞ்சவர் பேரு தெரியலன்னு எழுதிக்கிடுதேன்."

மாமா மெதுவா வாயத் தொறந்தாரு. "செஞ்சவன் பேருதானே தெரியாது? அழிச்சவன் பேரு தெரியுமே. அத எழுதுங்க."

சார் இனிஷியலையும் கேட்டு எழுதிட்டுப் போயிட்டாரு.