டொக்டர் வீட்டின் பித்தளை வாய்

நோர்பரி, லண்டன்

அன்புள்ள தங்கச்சி பெர்னடெற்றுக்கு,

மடு மாதாவின் தயவில் நான் சுகம். நீயும் சுகமென்று நம்புகிறேன். அதற்கு மேல் உன்னை நம்புவதா என்பதை உன் பதிலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மகன் றொஜன் வாங்கிய இந்த வீடு எனக்குப் பிடிபடவேயில்லை. விக்டோரியா மகாராணி காலத்தில் ஒரு டொக்டர், குடியிருக்கவும் வைத்தியம் பார்க்கவும் கட்டியதாம். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா பெருமையாகச் சொன்னார். செங்கல் முகப்பு, வண்ணக் கண்ணாடி, எல்லாம் எடுப்புத்தான். ஆனால் ஒரு வீட்டுக்கு எதற்கு இரண்டு வாசல்? முன்வாசல் டொக்டர் குடும்பத்துக்கு, பக்கவாசல் நோயாளிகளுக்கு. எனக்குத் தந்தது பக்கவாசல் அறை! "மாமா, உங்களுக்குப் படி ஏற ஏலாதெல்லோ, இது வசதி" என்றாள் மருமகள் துசியந்தி. யாரிடம் கதை விடுகிறாள்? அந்த வாசலால் என்னை ஒருநாள் வயோதிபர் இல்லத்துக்கு ஏற்றி அனுப்பினால், வீதியில் ஒருவருக்கும் தெரியவராது. போதாததற்கு, அந்தக் காலத்தில் மருந்து நீட்டிய சின்னக் கதவொன்று சுவரில் இருக்கிறது. அதற்குள்ளால்தான் எனக்குத் தேத்தண்ணி நீட்டுகிறாள், சிறைக்குள் மறியல்காரனுக்கு நீட்டுவதுபோல.

சுவரில் புனல் மாதிரி ஒரு பித்தளை வாயும் பதித்திருக்கிறது. சாம்பிராணிப் புகை போகவாக்கும் என்று அதற்கு முன்னால் மாதா சுரூபத்தை வைத்து, பின்னேரங்களில் செபமாலை சொல்லி, என் குறைகளையும் வாய்விட்டுச் சொல்லி வருகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முழங்கால் நோவை மாதாவிடமும் உன்னிடமும்தான் சொன்னேன். மறுநாள் மேசையில் பூச்சுமருந்து. ஒடியல் கூழ் ஆசையையும் உங்கள் இருவரிடமும்தான் சொன்னேன். சனிக்கிழமை கூழ்! றொஜன் என்னோடு கதைப்பதேயில்லை என்று அழுததும் அப்படித்தான். அடுத்த பின்னேரமே அவன் வந்து உட்கார்ந்து, மழையைப் பற்றிக் கதைத்தான். மாதா கோள்மூட்ட மாட்டா. மிச்சம் நீதான். வாட்ஸ்அப்பில் துசியந்தியோடு நீ குசுகுசுப்பது எனக்குத் தெரியும். என்னை உளவு பார்த்து இரண்டு பேரும் என்ன செய்யப் போகிறீர்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது, பிள்ளை. உண்மையைச் சொல்லிவிடு, மன்னிக்கிறேன். ஞாயிறு பூசை முடிய பெட்டியோடு இல்ஃபோர்ட் வருகிறேன். உன் முன்னறையை ஒதுக்கி வை.

கோபம் இருந்தாலும், உனக்கும் பிள்ளைகளுக்கும் மாதா காவலாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணை அருள்நேசன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் முழந்தாளிட்டு, "மாதாவே, ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டை விட்டுப் போறன்" என்றேன். சுரூபத்துக்குப் பின்னாலிருந்து, "போகாதேங்கோ மாமா" என்று ஒரு பெண்குரல். மாதா எதற்கு என்னை மாமா என்கிறா என்று யோசிப்பதற்குள் துசியந்தி படியால் ஓடிவந்து நின்றாள், கண் முழுக்கத் தண்ணீர். நோயாளி கீழே நின்று கூப்பிட, மேலே படுக்கையறையில் டொக்டருக்குக் கேட்க வைத்த குழாயாம் அது. அந்தப் படுக்கையறைதான் இப்போது றொஜனும் அவளும் இருக்கும் அறை. "நேர சொல்ல வெக்கத்திலதான் குழாயில சொல்லுறியள் எண்டு நினைச்சன் மாமா" என்றாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. உன்னில் ஐமிச்சப்பட்டது என் பிழை. முன்னறை வேண்டாம். குழாயை அடைக்கட்டோ என்று றொஜன் கேட்டான். நான் விடவில்லை. நாளைக்கு நண்டுக் கறிக்கு மன்றாட வேண்டும்.