வெடி சாரும் இரண்டாயிரம் கட்டக் கடலும்

2007-ஆம் ஆண்டின் கணினி ஆய்வகப் பதிவேட்டில் ஒரு பக்கத்தை நகலெடுத்து வைத்திருக்கிறேன். ‘பழுதின் காரணம்’ என்ற கட்டத்தில் ஒரு மாணவன் ‘வைரஸ்’ என்று எழுதியிருக்கிறான். அதை அடித்துவிட்டு, சிவப்பு மையில்: ‘வைரஸ் இல்லை. இவன்தான்.’

அந்த ‘இவன்’ நான். சிவப்பு மை எங்கள் ஆய்வகப் பொறுப்பாளர் வெடி சாருடையது. குமரி மாவட்டத்தில் அகஸ்தீஸ்வரம் முதல் விளவங்கோடு வரை, கம்ப்யூட்டர் தரப்பில் நின்று கோபப்பட்ட மனிதர் அவர் ஒருவர்தான். மவுஸை மேசையில் தட்டினால், “ஒனக்க செவுட்டுல தட்டட்டாலே?” என்பார். முதல்வர் தட்டினாலும் அதே கேள்விதான். ‘லே’ மட்டும் இருக்காது.

என் இறுதியாண்டு புராஜெக்ட், அப்பா மீன்பிடிக்கப் போகும் இராஜாக்கமங்கலம் கடலின் ஆழ வரைபடம். கடலை இரண்டாயிரத்துக்கு இரண்டாயிரம் கட்டங்களாகப் பிரித்து, சி மொழியில் ஒரே அரேயாக, அதாவது ஒரே பெரிய எண் அட்டவணையாகப் போட்டிருந்தேன். புரோகிராமை ஓட்டினால் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று நின்றுவிடும். முதல் வரிகூடத் திரைக்கு வராது. மறுநாள் தேர்வு. துறைத்தலைவர் எட்டிப் பார்த்து, “வைரஸ். மத்தியானம் ஃபார்மேட் பண்ணிருவோம்” என்று தீர்ப்பளித்தார். புராஜெக்ட் அந்த மிஷினில் மட்டும்தான் இருந்தது. பதறிப்போய்க் கட்டங்களை ஐந்நூறாகக் குறைத்தேன். ஓடியது.

வெடி சார் பின்னால் நின்றார்.

“மிச்சக் கடல் எங்கலே?”

“கொஞ்சம் சின்னதாக்கிட்டேன் சார்.”

“ஒனக்க அப்பன் வள்ளத்தக் கொளத்துலயா எறக்குவாரு?”

கீபோர்டைப் பிடுங்கினார். “அரேய மெயின் ஃபங்ஷனுக்குள்ள வச்சிருக்க. அங்க ஸ்டாக்குல எடமே எட்டு எம்பிதான். ஒனக்க கடலுக்கு முப்பதுக்கு மேல வேணும். அடைச்சா செத்துப்போவாதா அது?” அந்த ஒரு வரியை மெயினுக்கு மேலே, வெளியில் வைத்தார். முழுக்கடலும் ஓடியது. நான் சிரித்தேன்.

“சிரிக்காத. அது பாவம், காலைலேருந்து அடி வாங்கிட்டுக் கெடக்கு.”

அந்நேரம் துறைத்தலைவர் ஃபார்மேட் சிடியோடு வந்தார். வெடி சார் மிஷினை மறைத்து நின்றார்.

“வைரஸ் இதுல இல்ல சார். இவனுக்க தலையில இருக்கு. வேணும்னா அத ஃபார்மேட் பண்ணுங்க.”

“வழிய விடுங்க. நான் எச்ஓடி.”

“அதனாலதான் இன்னும் சார்னு கூப்பிடுகேன்.”

வகுப்பே கேட்டது. துறைத்தலைவர் சிடியோடு திரும்பிப் போனார். மறுநாள் நான் தேறினேன்.

அடுத்த ஆண்டுப் பணியாளர் பட்டியலில் வெடி சார் பெயர் இல்லை. அந்தச் சண்டைதான் காரணம் என்று மூன்று பேர் சொன்னார்கள். மூவருக்கும் அது கேள்விப்பட்டதுதான்; கடிதமோ உத்தரவோ எனக்குக் கிடைக்கவில்லை. எனவே உறுதிப்படாத தகவல் என்றே குறிக்கிறேன். அவர் எங்கிருக்கிறார் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கண்டுபிடித்தால், இவ்வளவு தாமதமாக வந்ததற்கு வயிறு நிறையத் திட்டு வாங்க வேண்டும்.