பிஸ்கெட் தின்ற எலி

ஸ்டோர்கீப்பர் ஓடி வருவதற்குள் எலியின் வால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. முதலாளியின் நாய் அதையும் வாய்க்குள்ளே இழுத்துக்கொண்டது.

பிஸ்கெட் கிடங்கில் எலி இருப்பது தெரிந்தால் வேலைக்கு உலை. அதனால் பக்கத்தில் நின்ற முதலாளி கேட்பதற்குள் ஸ்டோர்கீப்பர் முந்திக்கொண்டார்.

"நம்ம எலி இல்ல சார். வெளியிலேர்ந்து வந்தது. சாக்கடை எலி."

"சாக்கடையா!" முதலாளியின் முகம் வெளிறியது. "எலிக்காய்ச்சல் வருமேய்யா! பத்து வயசு நாய் தாங்குமா? எடு வண்டிய!"

நாய் டாக்டரின் மேஜையில், கூடவே வந்த கிடங்கு வாட்ச்மேன் நாயைக் கிடத்தி, நகராமல் பிடித்துக்கொண்டார்.

"தடுப்பூசி போட்டிருக்கீங்களா?" என்றார் டாக்டர்.

"இந்த வருஷம் விட்டுப்போச்சு."

"அப்ப கஷ்டம்தான்."

முதலாளி குழந்தையைப் போல விசும்பினார். பார்க்கப் பாவமாக இருந்தது. ஆறுதல் சொல்லப்போய் ஸ்டோர்கீப்பர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"அழாதீங்க சார். அது நம்ம எலிதான். பொறந்ததிலேர்ந்து பிஸ்கெட் தவிர வேற எதையும் தொட்டதில்ல. சுத்தமான எலி."

டாக்டர் நிமிர்ந்தார். "கிடங்கு எலியா? அங்க எலி மருந்து வைக்கிறீங்களா?"

"மாசம் தவறாம!" என்றார் முதலாளி. "இவர்தான் வைக்கிறார். ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கு."

"போச்சு. மருந்து தின்ன எலியத் தின்னா நாய்க்கும் உள்ளுக்குள்ள ரத்தம் கசியும். உடனே வாந்தி எடுக்க ஊசி போடணும். இதுக்கு இதயம் வேற பலவீனமா இருக்கு, ஊசியத் தாங்குமான்னு தெரியல. பார்ப்போம்."

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றினார். நாய் ஸ்டோர்கீப்பரின் கையை நக்கியது. மூலைமுடுக்கெல்லாம் குனிந்து எழ இடுப்பு இடம்கொடுக்காததால், மருந்து டப்பாவை அவர் திறந்ததே இல்லை.

"வேணாம் டாக்டர்!" என்று கத்திவிட்டார். "மூணு வருஷமா நான் மருந்தே வைக்கல. கையெழுத்து மட்டும்தான் போட்டேன்!"

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார்.

"அப்ப இது தேவையில்ல. காய்ச்சல் வருதான்னு பார்த்துக்கிட்டாப் போதும்."

முதலாளி நாயைக் கட்டிக்கொண்டார். பிறகு திரும்பினார்.

"நாளையிலேர்ந்து வேலைக்கு வராதய்யா."

ஸ்டோர்கீப்பர் தலையாட்டினார். வேலை போனாலும் நாய் பிழைத்ததே என்று மனசு லேசாகிவிட்டது.

வாட்ச்மேன் மட்டும் நாயை விடவில்லை. தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

"அந்த ஊசிய எடுங்க டாக்டர். ஸ்டோர்கீப்பர் சார் மறந்துடறாரேன்னு, மூணு வருஷமா மாசாமாசம் நான்தான் மருந்து வச்சுட்டு வர்றேன்."