நாங்கள் குடியிருக்கும் நண்டு

புதிய விடியல் குடியிருப்பு, நாஸ்கா
செவ்வாய்க்கிழமை

மாமா, நீங்கள் எங்கள் வீட்டை நண்டு என்று சொல்லி வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட்டேன், இனி மரியாதைகளுக்கு வருகிறேன். என் தாயின் உடன்பிறந்த தம்பியும், பாலைத் தரையின் பழைய உருவங்களை மேலிருந்து காட்டும் விமானத்தில் துணை விமானியும், என் ஞானஸ்நானத்துக்கு வெள்ளைச் சட்டை எடுத்துக் கொடுத்தவருமான அபெலார்தோ மாமா அவர்களுக்கு, அக்கா மகன் யெர்சன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. அங்கே நீங்களும் நெலிதா அத்தையும் சுகம் என்று நம்புகிறேன். நம்பத் தேவையே இல்லை, உங்கள் வாசலில் நிற்கும் புது மோட்டார் சைக்கிளைப் பார்த்தேன். இதையெல்லாம் போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நான் எப்போது கூப்பிட்டாலும் நீங்கள் வானத்தில் இருக்கிறீர்கள். மணல் காற்று அடித்து ஒரு விமானமும் கிளம்பாத அன்றுகூட வானத்தில்தான் இருந்தீர்கள். அதனால் கடிதம். அத்தையின் கையில்தான் கொடுக்கப்போகிறேன். அத்தை பிரித்துப் படித்துவிட்டுத்தான் உங்களிடம் தருவார் என்று எனக்குத் தெரியும். படிக்கட்டும்.

மேலேயே இருப்பதால் கீழே நடந்தது உங்களுக்கு மறந்திருக்கும். ஊருக்குள் வாடகை கொடுக்க முடியாத நாங்கள் சுவருக்குப் பாயும் கழியுமாக இந்தப் பாலையில் வந்து இறங்கியபோது, தலைவர் எபிபானியோ சுண்ணாம்பு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மனைக்கோடு போட்டார். முதலில் கால்பந்து மைதானம், அதன் நடுவில் வட்டம். அதில் யாருக்கும் தகராறு இல்லை. பிறகு வீட்டு மனைகளுக்கு நேர்கோடு இழுக்க ஆரம்பித்தார். பத்தடி போவதற்குள் செனோபியா அக்கா குறுக்கே உட்கார்ந்துவிட்டார். "எனக்கு மூலை மனைதான் வேணும். நான் கடை வைக்கப்போறேன்." "அப்போ எனக்கும் மூலை" என்றார் அம்மா. "எனக்கு மட்டும் என்ன, நடுவுல உக்காந்து ஈ ஓட்டணுமா?" என்றான் டயர் ஒட்டுகிறவன். எல்லோரும் கடை வைத்தால் வாங்குவது யார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தலைவர் நல்ல மனிதர், தேர்தலும் பக்கத்தில் இருந்தது. ஆளுக்கொரு மூலை கிடைக்கும்படி கோட்டை மடக்கினார், முறித்தார், வளைத்தார். மைதானத்திலிருந்து இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு என்று கோடுகள் முட்டி மடக்கிக்கொண்டு கிளம்பின. அதற்கப்புறம் வேட்பாளர் ஒருவர் வந்து குழாய் போட்டுத் தருவதாகச் சொன்னார். நாங்களே பள்ளம் தோண்டினோம், மண்ணை இரண்டு பக்கமும் குவித்து வைத்தோம். அவர் ஜெயித்தார். பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது. இப்போதும் தண்ணீர் லாரிதான், அதுவும் டிரைவருக்கு மனசு வரும் நாளில்.

இந்த நிலம் பாதுகாக்கப்பட்ட நிலம், முன்னோர் பெரிய பெரிய பிராணிகளாகத் தரையில் வரைந்த கோடுகள் இருக்கும் நிலம், மாதக் கடைசியில் இயந்திரம் வந்து உங்களை வாரிவிடும் என்று ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். உங்களுக்கும் தெரியும். அந்தக் காலத்தில் நெடுஞ்சாலை போட்டவர்கள் முன்னோர் வரைந்த பல்லியின் முதுகிலேயே ரோட்டை விட்டு இரண்டு துண்டாக்கினார்கள், அவர்களை யாரும் வாரவில்லை. நாங்கள் வெறும் பொட்டலில் நாலு பாயை நட்டதும் முன்னோர் எல்லோருக்கும் கோபம் வந்துவிட்டது. போகட்டும். நான் கேட்பது இதுதான்: அதிகாரிகளின் கண்ணில் படாமல் எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, சொந்த மாமாவே தினமும் விமானம் நிறைய ஆட்களைக் கூட்டிவந்து எங்களைக் காட்டினால் என்ன அர்த்தம்?

உங்கள் மேல் எனக்கு முன்பே சந்தேகம் இருந்தது. ஈஸ்டர் ஞாயிறன்று வாத்துக் குழம்பு சாப்பிட வந்தீர்கள். வெறுங்கையோடு வருகிற நீங்கள் அன்றைக்கு ஒரு மூட்டை சுண்ணாம்பு கொண்டுவந்தீர்கள். அக்காவுக்கு ஒரு கேக் வாங்கி வந்திருக்கலாம், ஒரு துணி எடுத்து வந்திருக்கலாம், சுண்ணாம்பு ஏன் என்று நான் அப்போதே யோசித்தேன். "கோடெல்லாம் மங்கிப்போச்சுக்கா. எல்லை பளிச்சுன்னு இருந்தாத்தான் சண்டை வராது" என்றீர்கள். அம்மா கண்ணீர் விட்டு எபிபானியோவைக் கூப்பிட்டுப் பூசச் சொன்னார். பிறகு எங்கள் கூரையில் பறந்த கொடியைப் பார்த்து, "அதை எறக்கிடுக்கா, மேல போற பைலட்டுக்குக் கண்ணு கூசுது" என்றீர்கள். துணியால் எப்படி மாமா கண் கூசும்? கிளம்பும்போது, காலையில் நீலத் தார்ப்பாயையும் துவைத்த துணியையும் வெளியே காயப்போட வேண்டாம், மதியத்துக்கு மேல்தான் வெயில் நல்லது என்றீர்கள். மதியத்துக்கு மேல் இங்கே வெயில் இல்லை, மணல்தான் அடிக்கிறது. இரண்டு மாதமாக என் ஜட்டியில் மணல். இதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அப்புறம் மூட்டைக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். வீட்டையே முதுகில் கட்டிக்கொண்டு உலகம் சுற்றுகிறார்களே, அவர்கள்தான். எந்த ஊரிலும் இவர்களை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை. முதலில் பெல்ஜியத்திலிருந்து ஒரு ஜோடி. நெடுஞ்சாலையில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, வெயிலில் நடந்து வந்து, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போனை நீட்டி, "அம்மா, கண் எங்கே? கண்ணுக்குப் போகணும்" என்றாள் அந்தப் பெண். அம்மா, பாவம் கண் வலிக்கிறதாக்கும் என்று நினைத்து உப்புத் தண்ணீர் கொண்டுவந்தார். கண் என்றால் மைதானத்தின் நடு வட்டமாம். நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம், பெனால்டி எங்களுக்கு. அந்தப் பையன் நேராக வந்து வட்டத்துக்குள் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"டேய், எந்திரிடா, ஆட்டம் நடக்குது!"

"உஷ்" என்றாள் அவள். "சக்தி வருது."

"எங்களுக்குக் கரண்டே வரலை, இவனுக்குச் சக்தி வருதாம்" என்றார் செனோபியா அக்கா. ஆனால் மறுநாளே மூலைக் கடையில் குளிர்பானம் வாங்கி வைத்துவிட்டார். அதையும் நான் கவனித்தேன்.

அவர்கள் போனில் இருந்த படத்தை வாங்கிப் பார்த்தேன். விமானத்தின் இறக்கை பாதியை மறைத்திருந்தது. மீதியில் வெள்ளைக் கோடு, முட்டி மடக்கிய கால்கள், வட்டக் கண். யார் காட்டினார்கள் என்று கேட்டேன். "விமானத்தில் ஒரு மாமா. மீசை. ரொம்ப அன்பானவர்" என்றான். நாஸ்காவில் மீசையுள்ள விமானிகள் பலர் இருக்கலாம். அன்பானவர் என்றதும் எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

நான் ஓட்டும் ஆட்டோவுக்கு டயர் மாற்ற வைத்திருந்த பணத்தை எடுத்துத்தான் டிக்கெட் வாங்கினேன். நீங்கள் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தலைவரின் மகன் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த பெரிய முதுகுப்பை. பை தொங்கினால் சந்தேகம் வரும் என்று அம்மாவின் போர்வையையும் இரண்டு தலையணைகளையும் திணித்தேன். விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்த்த காவலர், "இங்கயே தூங்கப்போறியா தம்பி?" என்றார். கவுன்ட்டரில் இருந்த பெண் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நாஸ்காவா? உள்ளூர்க்காரங்க யாரும் இதுல ஏற மாட்டாங்களே. மேல போய் என்ன பாக்கப்போற?"

"என் வீட்டை."

நான் கேலி பேசுவதாக நினைத்துச் சிரித்தாள். பிறகு எல்லோரையும் தராசில் ஏற்றினார்கள். மூட்டைக்காரர்கள் முந்தின நாளிலிருந்தே பட்டினி, வயிறு புரட்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் விமான நிலைய வாசலில் கோழி சூப் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுத்தான் தராசில் ஏறினேன். கனத்துக்கு ஏற்றபடி உட்கார வைக்கிறார்களே, அதில் எனக்குக் கடைசி இருக்கை, வால் பக்கம். முன்னால் நீங்கள். உங்கள் பிடரியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

திமிங்கிலத்தைக் காட்டினீர்கள், குரங்கைக் காட்டினீர்கள். இடது பக்கத்தார் பார்ப்பதற்கு இடதுபக்கம் சாய்ந்தோம், வலது பக்கத்தார் கோபித்துக்கொள்ளாமலிருக்க வலதுபக்கம் சாய்ந்தோம். இரண்டாவது சாய்வில் சூப் மேலே வந்தது. தேன்சிட்டைக் காட்டியபோது நான் காகிதப் பைக்குள் இருந்தேன். அப்போதுதான் காதில் மாட்டிய கருவியில் உங்கள் குரல். "அக்கா, இன்னும் ரெண்டு துண்டு போடு" என்று கேட்கிற குரல் இல்லை அது, பூசைக் குரல்.

"நண்பர்களே, இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல. உங்களுக்காக மட்டும் காட்டுறேன். இறக்கை நுனிக்குக் கீழே பாருங்க. நண்டு! மழையைக் கூப்பிடுற நண்டு. அந்தக் கண்ணைப் பாருங்க. அந்த நீளமான வாய், தண்ணிக்குத் தாகமா நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க."

அந்த வாய் நாங்கள் தோண்டிய குழாய்ப் பள்ளம், மாமா. தாகம் என்று நீங்கள் சொன்னது ஒன்றுதான் உண்மை.

பையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன். அம்மா வாசலில்தான் நின்றிருப்பார், தண்ணீர் லாரி வருகிற நேரம். தெரியவில்லை. செனோபியா அக்காவின் கடை தெரியவில்லை. ஒரு வீடுகூடத் தெரியவில்லை. பாய் மண் நிறம், கூரை மண் நிறம், எங்கள் தலையில் படிந்திருக்கும் தூசியும் மண் நிறம். நீங்கள் கொடுத்த சுண்ணாம்பு மட்டும் பளிச்சென்று இருந்தது. கொடியையும் தார்ப்பாயையும் எடுக்கச் சொன்னது ஏன் என்று அப்போது புரிந்தது. எனக்கு முன்னால் இருந்தவன் திரும்பி, "எவ்வளவு அமைதி, மனுஷ வாடையே இல்லை!" என்றான். நான் "மாமா!" என்று கத்தினேன். இரைச்சலில் உங்களுக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்து, குஷியில் கத்துகிறான் என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினீர்கள். எனக்கு மறுபடியும் பை தேவைப்பட்டது.

நேற்று இறங்கியதும் நேரே வீட்டுக்கு வந்தேன். துடைப்பத்தை எடுத்தேன். எங்கள் மனைக்கும் செனோபியா அக்கா மனைக்கும் நடுவில் ஓடும் நண்டுக் காலை, முட்டியிலிருந்து நகம் வரை, பெருக்கித் தள்ளினேன். மீதியை மதியக் காற்று பார்த்துக்கொண்டது. இப்போது உங்கள் நண்டுக்கு ஒரு கால் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை மற்ற கால்களையும் அழிக்கிறோம், கண்ணையும் சேர்த்து. நாளை முதல் எங்கள் தலைக்கு மேல் சாயாதீர்கள். காட்ட வேண்டுமென்றால் உங்கள் வீட்டைக் காட்டுங்கள், மொட்டைமாடி இருக்கிறது, ஏதாவது ஒரு பிராணி மாதிரி இருக்கும். நாங்கள் நண்டு இல்லை. பிழைக்க வந்தவர்கள். இனி நம் இரண்டு குடும்பத்துக்கும் வாத்துக் குழம்பு உறவும் கிடையாது.

அத்தைக்கு என் பணிவான அன்பு. உங்கள் பெண்களுக்கு நன்றாகப் படிப்பு வரட்டும். கன்னி மாதா உங்களை வானத்திலேயே வைத்துக் காப்பாற்றட்டும். தரையில் நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்,
யெர்சன்

பின்குறிப்பு: மாமா, இதை உறையில் போட்டு ஒட்டப்போகும்போது இயந்திரம் வந்துவிட்டது. மாதக் கடைசி என்று சொல்லிவிட்டு இன்றைக்கே வந்தார்கள். கூடவே தொல்பொருள் அலுவலகத்து அம்மா ஒருவரும் ஜீப்பும். நாங்கள் கல்லைப் பொறுக்குவதற்குள் மூட்டைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு முன்னால் படுத்துவிட்டார்கள். "நண்டு! நண்டு!" என்று ஒரே கூச்சல். அந்த அம்மா அவர்கள் போனை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எங்களைப் பார்த்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற என் அம்மாவைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம், "உருவம்னு ஒருத்தர் சொல்லிட்டா அதுமேல சக்கரம் ஏறக்கூடாது. சட்டம். வண்டியைத் திருப்பு" என்றார். ஆய்வு முடிகிறவரை யாரும் எதையும் அசைக்கக் கூடாதாம். "வீட்டையும் சேத்தா?" என்று கேட்டார் தலைவர். "வீட்டையும் சேத்துத்தான்" என்றார். ஆய்வுக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டதற்குச் சிரித்தார். அவர் நம்பினாரா, நம்பாமலே செய்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. சந்தேகப்பட இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

ஆகவே மேலே எழுதியது ஒன்றையும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். தினமும் காட்டுங்கள். முடிந்தால் இரண்டு தடவை சாயுங்கள். கொடியை இனி ஏற்றவே மாட்டோம், துணியை உள்ளேயே காயப்போடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை அம்மா உங்களுக்காக வாத்து அடிக்கிறார்.

ஆனால் வியாழக்கிழமை அந்தத் தொல்பொருள் அம்மா அளவு எடுக்க வருகிறார், நண்டுக்கு ஒரு கால் குறைகிறது. விஷயம் தெரிந்ததும் என் அம்மா அதே துடைப்பத்தால் என்னை அடித்தார். காலைத் திரும்ப வரையலாம் என்றால், அது செனோபியா அக்கா பக்கம் வளைந்திருந்தது என்கிறார் அம்மா. உங்கள் பக்கம்தான் வளைந்திருந்தது, உங்கள் அடுப்படியே என் மனையில்தான் நிற்கிறது என்கிறார் செனோபியா அக்கா. அழித்தவன் என்பதால் என் சாட்சி செல்லாதாம். மூட்டைக்காரர்கள் எடுத்த எல்லாப் படத்திலும் சரியாக அந்த இடத்தில் இறக்கை இருக்கிறது. நான் மேலே போனபோது எது இடம், எது வலம் என்று எனக்கே தெரியாத நிலைமை. தினமும் மேலிருந்து பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

செனோபியா அக்கா இன்று மதியம் ஒரு கூடையை மூடி எடுத்துக்கொண்டு உங்கள் தெருப் பக்கம் போனதாகக் கேள்வி. கூடைக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை. அதை முதலில் திருப்பி அனுப்புங்கள். அனுப்பிவிட்டு, அம்மா உங்கள் சொந்த அக்கா என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, வியாழக்கிழமைக்குள் ஒரே ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள்: அந்தக் கால் வளைந்திருந்தது இடதுபக்கமா, வலதுபக்கமா?