சுட்டமண் ஹால்

காய்ந்ததும் சுவர் ஆட்டு ஈரல் நிறத்துக்கு வந்துவிட்டது.

செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் கோபாலகிருஷ்ணன், தன் வீட்டு ஹாலுக்கு நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"இன்னாபா தர்மராஜ் இது?"

"காஞ்சா சரியாப்பூடும் சார்" என்றார் பெயின்டர் தர்மராஜ்.

"காஞ்சதாலதாம்பா இப்டி கீது!"

போன மாதம் ஒரு ரிசப்ஷனுக்காக மாமல்லபுரம் ரிசார்ட்டுக்குப் போயிருந்தார். அங்கே அறை முழுக்கச் செம்மண் நிறம். அதில் உட்கார்ந்திருந்த எல்லாருமே வசதியானவர்களாகத் தெரிந்தார்கள். மகள் ரோகிணியைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்றதும், நேராகக் கடைக்குப் போய் 'சுட்டமண்' என்ற நிறத்தின்மேல் விரலை வைத்துவிட்டார். வேண்டாம் என்றாள் மனைவி வரலட்சுமி. அதனாலேயே நாலு டப்பா வாங்கினார்.

இன்று சனிக்கிழமை.

"வெள்ளை கலந்து ஒரு கோட் உட்டா இளசாப்பூடும் சார்."

கலந்தார். அடித்தார். ஒரு சுவர் ரோஸ்மில்க் ஆனது.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த வரலட்சுமி கரண்டியோடு உறைந்துபோனாள்.

"கல்யாணம் பேசற வூடா இது, ஐஸ்கிரீம் கடையா?"

அந்தச் சுவருக்கு மறுபடி சுட்டமண்ணே பூசப்பட்டது. இப்போது கூரை மட்டும் பளிச்சென்று தனியாகத் தெரிந்ததால் அதற்கும் பூசினார்கள். ஹால் பாதியாகச் சுருங்கியது. பட்டப்பகலில் ரோகிணி டீப்பாயில் முட்டிக்கொண்டாள்.

"அப்பா, குகை மாதிரி இருக்குப்பா!"

"வெளிச்சம் பத்தல, அவ்ளோதான்."

நாலு பெரிய மஞ்சள் பல்பு வாங்கி மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் வீட்டார் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் திடுக்கிட்டார்கள். மீன் குழம்பில் முக்கி எடுத்த முகங்கள்.

"என் பொண்ணு வாழ்க்கையே போச்சு" என்று வரலட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தர்மராஜ் ஏணியை எடுத்துக்கொண்டு சொல்லாமலே கிளம்பினார்.

மறுநாள் நாலு மணிக்கு மாப்பிள்ளை ஹரிகிருஷ்ணன் அம்மாவோடும் தங்கையோடும் வந்தான். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, நல்ல பையன் என்று தரகர் சொல்லியிருந்தார்.

நல்ல பையன் வாசற்படியைத் தாண்டவில்லை. வாய் பிளந்தபடி சுவரைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான். ரோகிணி காபித் தட்டோடு வந்து நின்றதைப் பார்க்கவே இல்லை. மெல்ல உள்ளே வந்து சுவரில் உள்ளங்கையை வைத்தான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

கோபாலகிருஷ்ணன் அவசரமாக ஜன்னலைத் திறந்துவிட்டார். பெயின்ட் நெடி கண்ணில் ஏறிவிட்டதோ?

"தம்பி, மன்னிச்சிடுங்க. எம்மேலதான் தப்பு. நாளைக்கே எல்லாத்தையும் சுரண்டிட்டு வெள்ளை அடிச்சிடறேன்!"

"ஐயோ, வேணாம் சார்!"

ஹரிகிருஷ்ணன் போட்ட சத்தத்தில் ரோகிணியின் கையிலிருந்த காபி தளும்பிச் சுட்டமண் சுவரில் தெறித்தது. தெறித்த இடமே தெரியவில்லை.

மாப்பிள்ளையின் தங்கைதான் கடைசியில் தொண்டையைச் செருமினாள்.

"பெயின்ட் கம்பெனி லேப்ல இந்தக் கலரை உண்டாக்குனதே எங்கண்ணன்தான் அங்கிள். ரெண்டு வருஷமா ஊர் ஊரா தேடிக்கினு இருக்கான், இத வாங்குன ஒரு ஆளையாவது கண்ணால பாத்துடணும்னு!"