பட்டறைத் தூசியை மகளிடம் கொடுத்த கதை

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் மகளும் சௌக்கியம். அங்கே நம் பட்டறையில் உன் இருமலும் கல் அறுக்கும் வாளும் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். தூசி அடங்க வாளுக்குத் தண்ணீர்க் குழாய் போடச் சொல்லி நீ மூக்கால் அழுதாய். இந்தத் தூசியில் புரண்டு எழுந்த எனக்கு என்ன ஆகிவிட்டது என்று நான் கேட்டேன். அந்த வழக்குக்குத் தீர்ப்பு வாங்கத்தான் பட்டறைத் தூசியை ஒரு டப்பாவில் அடைத்துக்கொண்டு மகளின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தேன்.

அவள் வேலையைக் கேள். மனிதனின் மூச்சுக்குழாய்ச் செல்களைச் சின்னக் கிண்ணங்களில் வளர்க்கிறாள். செல்கள் ஒட்டியிருக்கும் சவ்வுக்குக் கீழே சத்துநீர், மேலே வெறும் காற்று, நெஞ்சுக்குள் இருப்பதுபோலவே ஏற்பாடு. ஒரு வரிசைமேல் தூசியைக் கிளப்பிப் படியவிடுவாள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வரிசைக்குச் சுத்தமான காற்று மட்டும். நானோ சம்பந்தி வீட்டுக்குப் போவதுபோல் சலவைச் சட்டையும் கழுத்து நிறையப் பவுடருமாகப் போயிருந்தேன். கோட்டும் முகமூடியும் மாட்டிவிட்டவள் கழுத்தைக் கவனிக்கவில்லை. ஆர்வக்கோளாறில் கிண்ணங்கள் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் தலையை நீட்டினேன், சுத்தக் காற்று வரிசைமேல் பவுடர் பொலபொலவென்று கொட்டியது. வாரக்கணக்கில் ஊட்டி வளர்த்ததெல்லாம் குப்பைக்குப் போயிற்று. கூட வேலை செய்கிற பெண் பார்த்த பார்வையில் கூனிக் குறுகிப்போனேன். மகளோ, "பரவாயில்லப்பா, திரும்ப வளர்த்துக்கலாம். அடுத்த தடவ பவுடர் மட்டும் போடாம வாங்க" என்றாள். அந்தப் பொறுமை உன் அக்கா வழியில் வந்திருக்க வாய்ப்பே இல்லை.

புதிய கிண்ணங்கள் தயாராகும்வரை இங்கேயே டேரா போட்டேன். போன வாரம் நுண்ணோக்கியில் காட்டினாள். அடடா, என்னத்தைச் சொல்வேன்! செல்களின் தலையில் மெல்லிய மயிர்கள், அத்தனையும் ஒரே திசையில் அழுக்கைப் பெருக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. முதலாளி பார்க்காதபோதும் வேலை செய்கிறவர்களை என் வாழ்நாளில் அங்கேதான் பார்த்தேன். பிறகு நம் தூசி பட்ட வரிசையைக் காட்டினாள். பாதி மயிர்கள் நின்றுவிட்டன. மிச்சம் இருந்தவை முடியாமல் முடியாமல் பெருக்கின. "உன் மாமா நெஞ்சிலயும் இப்படித்தானா?" என்று அவளிடம் கேட்டேன். "கிண்ணத்த வச்சு மாமாவப் பத்திச் சொல்ல முடியாதுப்பா, அத டாக்டர்தான் பாக்கணும். ஆனா இந்தத் தூசி நல்லதில்ல" என்றாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இவளையா நான் பெற்றேன் என்று மலைத்துப்போனேன்.

ஆனாலும் கிண்ணத்தில் சொகுசாக வளர்ந்த செல்லுக்கு என்ன தெரியும்? நாம் உழைத்து உரமேறிய கட்டை. குழாய் வீண் செலவு, வாள் வழக்கம்போல் ஓடட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தோல்வியை ஒப்புக்கொள்ளாத அத்தான்

பின்குறிப்பு: உன் அக்கா மேலே உள்ளதை மட்டும்தான் படித்தாள். இந்தக் கடிதத்தோடு வாசலில் நிற்பவர் குழாய் பொருத்துபவர். வாளை நிறுத்திவிட்டு அவரை உள்ளே விடு. டாக்டரிடம் உனக்கு நேரம் கேட்டு வைத்திருக்கிறேன், இன்றைக்கே கிளம்பி வா. எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான்.